தலைக்குத் தேய்க்க முப்பது முட்டை

எனக்குச் சமையலில் திமிர் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் காரணமென்று நான் சுகரைச் சொல்லுவேன், டாக்டரைச் சொல்லுவேன், மெஷினைச் சொல்லுவேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் திமிர் மட்டும் இல்லாமலிருந்தால் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் தசராவுக்கு என் வீட்டுக்காரர் குலசேகரன்பட்டினத்தில் காளி வேடம் கட்டி நின்றிருப்பார். விம்கோ நகர் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார்.

அவர் பெயர் தவசிமுத்து. சொந்த ஊர் உடன்குடிக்குப் பக்கம். கல்யாணமான மறுவருஷம் திருவொற்றியூர் விம்கோ நகருக்கு வந்து மளிகைக் கடை போட்டோம். கீழே கடை, மேலே நாங்கள் இரண்டே பேர். பின்கட்டில் கன்னியம்மா வாடகைக்கு இருந்தாள். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் அவளுக்கு வேலை.

அந்த வருஷம் சித்திரையில் புதுச் செருப்பு கடித்து அவருடைய இடது கால் பெருவிரலில் புண் வந்தது. ஆறவில்லை. டாக்டரிடம் போனால் வெறும் வயிற்றில் சுகர் இருநூற்று எண்பத்தாறு. "புரட்டாசி வரைக்கும் பார்ப்போம். சுகர் இறங்கி புண் ஆறலைன்னா விரலை எடுத்துடலாம்" என்றார் டாக்டர். ஏதோ சொத்தைப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி சொன்னார். சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். மளிகைக் கடைக்காரர் வீட்டில் அரிசியைக் குறைப்பதாவது! வீட்டுக்கு வந்ததும் இவர் ஊர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "முத்தாரம்மா, விரலைக் காப்பாத்திக் குடு. இந்தத் தசராவுக்குக் காளி வேஷம் போடுதேன்" என்று வேண்டிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டால் வேடம் போட்டு, வீடு வீடாகப் போய்க் காணிக்கை எடுத்து, கோயிலில் கொண்டு சேர்க்க வேண்டும். குரங்கு, போலீஸ், பிச்சைக்காரன் என்று எந்த வேடமும் போடலாம். அதற்கெல்லாம் விரதம் கொஞ்ச நாள்தான். காளி வேடம் அப்படியில்லை. நாற்பத்தோரு நாள் மாலை போட்டு, பச்சரிசிச் சோறு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, பாயில்லாமல் படுத்து இருக்க வேண்டும். கறி, மீன், முட்டை வாசல்படி தாண்டி வரக்கூடாது. விரதம் தப்பி, கிரீடமும் சடையுமான காளி முடியைத் தலையில் ஏற்றினவனை அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம்.

புண் ஆறாமல் இருந்த அந்தச் சமயத்தில் என் தம்பி முப்பிடாதி வந்தான். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் டேரா. அந்த முறை பெட்டிக்குள்ளிருந்து கனமான ஒரு மெஷினை எடுத்துக் கீழே வைத்தான். திறந்தால் உள்ளே இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாக இருந்தது.

"வாஃபிள் மெஷின்க்கா" என்றான். "எங்க கப்பல்ல சீஃப் இஞ்சினியரு ஒருத்தரு, நார்வேக்காரரு. அவருக்கும் சுகரு. மாவுப் பண்டமே தொட மாட்டாரு. காலிபிளவரு, முட்டை, சீஸ் போட்டு இதுல சுட்டுக் குடுப்பேன். ஆறு மாசத்துல பேன்ட் இடுப்புல நிக்காம ஆயிட்டு அந்த மனுசனுக்கு. மச்சானுக்குச் செஞ்சு குடு."

செய்முறையை வாயாலேயே சொல்லிவிட்டுப் போனான். அதை அப்படியே செய்ய நான் என்ன கப்பல்காரியா? காலிபிளவரைத் துருவி உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வைத்தேன். பழைய வேட்டித் துண்டில் கட்டி, கை வலிக்கிற வரைக்கும் பிழிந்தேன். வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துப் போட்டேன். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு, சீரகம், ஒரு சிட்டிகைப் பெருங்காயம். கடை ஃபிரிட்ஜிலிருந்து சீஸ் கட்டி இரண்டைத் துருவினேன். மூன்று முட்டையை நுரைக்க அடித்து ஊற்றிப் பிசைந்தேன். மெஷினில் நல்லெண்ணெய் தடவி, ஒரு கரண்டி வைத்து மூடினேன்.

முதல் இரண்டும் பிய்ந்துபோயின. ஆவி வந்துகொண்டிருக்கும்போதே திறந்துவிட்டேன். மூன்றாவதை, ஆவி அடங்கி வாசனை மாறுகிற வரைக்கும் பொறுத்துத் திறந்தேன். ஓரமெல்லாம் முறுகி, பொன் நிறத்தில், ஒவ்வொரு கட்டமும் எண்ணிவிடலாம் போல நின்றது. இவர் தேங்காய்ச் சட்னியை அந்தக் கட்டங்களுக்குள் நிரப்பி நிரப்பி நாலு சாப்பிட்டார். "ஏட்டி செல்வி, இந்தக் கட்டம் போட்ட ரொட்டி இருந்தா எனக்கு இட்லியே வேண்டாம்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இரண்டு மாதம் காலையும் இரவும் அதுதான். மதியம் கொஞ்சமாகச் சோறு, நிறையக் காய். சுகர் நூற்று எழுபதுக்கு வந்தது. புண்ணின் ஓரம் சிவந்து, புதுத் தோல் வர ஆரம்பித்தது. டாக்டரே என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டார் என்பதை விம்கோ நகரில் யார் யாரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஆவணியில் மாலை போட்டார். எங்கள் ஏரியாவில் தெற்கத்திக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு தசராக் குழு வைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவர் இசக்கிமுத்து அண்ணாச்சி, எண்ணெய் மொத்த வியாபாரி. இருபது வருஷமாகக் குழுவை நடத்துகிறவர், பேச்சில் நியாயம் இருக்கும். இவருடைய சுகர் விஷயத்தை அவரிடம் சொன்னோம்.

"ஒருபொழுதெல்லாம் ஒனக்கு வேண்டாம்டே தவசி" என்றார் அண்ணாச்சி. "சோறும் வேண்டாம். மூணு வேளையும் சாப்பிடு, மாத்திரையைப் போடு. அம்மா கோவிக்க மாட்டா. ஆனா கறி, மீன், முட்டை மட்டும் ஆகாது. அப்புறம், காளி போடுதவன் தானே பொங்கித் திங்கணும். கடையையும் பாத்துக்கிட்டு ஒன்னால முடியுமா?"

"ராமசெல்வி பொங்குனா நான் பொங்குன மாதிரிதான் அண்ணாச்சி" என்றார் இவர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

முதல் நாள் தலைக்குக் குளித்து, புதுச் சட்டியில், முட்டைக்குப் பதிலாக ஊறவைத்து அரைத்த பாசிப்பருப்பைப் போட்டுச் சுட்டேன். இரண்டு ஒட்டிக்கொண்டன. மூன்றாவது வந்தது, ஆனால் நனைந்த அட்டை மாதிரி துவண்டு கிடந்தது. இவர் பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. வயிறு நெறஞ்சிட்டு" என்றார். பத்து நிமிஷத்தில் கடைக்குப் போய்த் தாரிலிருந்து வாழைப்பழத்தைப் பிய்த்துச் சாப்பிட்டார். பழம் விரதத்துக்கு ஆகும் இல்லையா, ஒன்றல்ல, நாலு. மறுநாளும் அதேதான். ஒரு வாரம் விதவிதமாகப் பார்த்தேன். பன்னீர் போட்டேன், எள் போட்டேன், உளுந்துகூடப் போட்டேன். ஒவ்வொரு நாளும் தட்டு தள்ளி வைக்கப்பட்டது. வாழைத்தார் குறைந்தது. சுகர் இருநூற்று முப்பது என்று சீட்டு வந்தது.

சுகருக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அவருக்குக் கீரையும் சுண்டலும் கொடுத்து, பழத்தைப் பூட்டி வைத்து, சண்டை போட்டுச் சுகரை இறக்கியிருக்கலாம். எத்தனை வீட்டில் பெண்கள் அப்படிச் செய்கிறார்கள். அந்தத் தள்ளி வைத்த தட்டுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரே எழுதிக்கொண்ட பண்டத்தை என் கை கெடுத்துவிட்டதே என்று இருந்தது.

எட்டாம் நாள் கன்னியம்மாவிடம் நாலு முட்டை வாங்கி வரச் சொன்னேன். கடையில் எடுத்தால் இவருக்குத் தெரிந்துவிடும். மாலை போட்ட வீட்டில் முட்டை எதற்கென்று அவள் கேட்பாள் என்று ஒரு காரணமும் தயாராக வைத்திருந்தேன்.

"தலைக்குத் தேய்க்க கன்னியம்மா. முடி கொட்டுது. யாருகிட்டயும் சொல்லாதே, மாலை போட்ட வீடு" என்றேன்.

"நாலு முட்டையா?" என்று என் தலையைப் பார்த்தாள். "இன்னாக்கா, உன் தலையில கீறதே நாலு முடி. முடிக்கு ஒண்ணா?"

சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள். குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு அந்த முட்டைகளை உடைத்தேன். ஓடுகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கினேன். அன்றைக்குப் பெருங்காயமும் மிளகும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். ஆவி அடங்கித் திறந்தபோது பழையபடி பொன் நிறத்தில் நின்றது. பயத்தை மீறி எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

இவர் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "முட்டை இல்லாமலே பழைய மாதிரி வந்துட்டே?"

"சீஸ் கூடப் போட்டேன்."

"கெட்டிக்காரி" என்றார். ஐந்து சாப்பிட்டார்.

இரண்டு நாளில் நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் இவர் ஒரு தட்டில் பத்துப் பதினைந்தை அடுக்கிக்கொண்டு கீழே போனார். கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில் குழுவினர் சாயங்காலம் கூடி மேளம் அடித்துப் பழகுவார்கள். இவரோடு சேர்த்துப் பதினோரு பேரும் மாலை போட்டவர்கள். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். "வேண்டாம், அது சுகர்க்காரர் சாப்பாடு" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷத்தில் தட்டு காலி. இசக்கிமுத்து அண்ணாச்சி மேலே பார்த்து, "தாயி, என்ன கைப்பக்குவம்! விரதச் சாப்பாடு இவ்வளவு ருசியா நான் தின்னதே இல்ல" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் செய்தது என்னவென்றால், மறுநாள் பத்து முட்டை வாங்கினேன். பாராட்டு அப்படி ஒரு வியாதி. குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. முத்தாரம்மன் படத்துக்கு முன்னால் நின்று தினமும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "விரலுக்காகத்தானே தாயே" என்றேன். மற்ற பத்துப் பேருடைய விரலுக்கும் என்ன கேடு என்று அம்மன் திருப்பிக் கேட்கவில்லை.

விரல் ஆறியது. அதையும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சுகர் நூற்று நாற்பது. டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, "இனிமே கட்டு வேண்டாம்" என்றார். இவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதார். "அம்மா கண்ணைத் தொறந்துட்டா செல்வி" என்றார். காளி வேடத்துக்குக் கிரீடமும், சடைமுடியும், மரத்தில் செய்த கைகளும் ஊரிலிருந்து பெட்டியில் வந்திருந்தன. அந்தப் பெட்டியைத் திறந்து தினமும் தொட்டுப் பார்த்தார். முடியைத் தலையில் ஏற்றுகிற நேரத்தில் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஊருக்குப் போய், முடி ஏற்றுவதற்கு முன்னால் அம்மன் சந்நிதியில் வைத்து இவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அது முடிவா, தள்ளிப்போடுவதற்குச் சாக்கா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள். வழிக்குச் சாப்பிட எல்லாருக்கும் என் ரொட்டிதான் வேண்டும் என்று குழு முடிவு செய்திருந்தது. நான் கன்னியம்மாவிடம் ஒரு அட்டை முட்டை, முழுசாக முப்பது, சொல்லி வைத்திருந்தேன். அவள் ஏழரைக்குக் கொண்டு வந்ததும் தனியாக மாவைக் கலந்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால் ஆறு மணிக்கே கதவு தட்டப்பட்டது. திறந்தால் இசக்கிமுத்து அண்ணாச்சியின் மனைவி சீனியம்மாள் மதினி, பின்னால் இன்னும் மூன்று பெண்கள். எல்லாரும் குளித்து, ஈரத் தலையில் துண்டோடு நின்றார்கள்.

"ஒத்தைக்கு நீ எவ்வளவுதான் கஷ்டப்படுவ?" என்று மதினி உள்ளே வந்தாள். "நாங்களும் கை போடுதோம். செய்முறையையும் கத்துக்கிட்ட மாதிரி ஆச்சு."

துருவினார்கள், பிழிந்தார்கள், கடலையைப் பொடித்தார்கள். ஐந்து பேர் சேர்ந்தால் வேலை எவ்வளவு நேரம்? ஏழு மணிக்குள் பெரிய குண்டான் நிறைந்துவிட்டது. எல்லாரும் மெஷினைச் சுற்றி நின்றார்கள். முட்டை இல்லாத அந்தக் கலவையை ஒரு கரண்டி எடுத்து வைத்து மூடினேன். ஆவி வந்தது, அடங்கியது. திறந்தேன். மேல் பாதி மேலேயும் கீழ்ப் பாதி கீழேயும் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிளந்தது.

"எண்ணெய் காணல போல" என்றாள் மதினி.

எண்ணெயைக் கூட்டினேன். அடுத்ததும் பிளந்தது. அதற்கடுத்தது உதிர்ந்து கொட்டியது. ஒருத்தி கரண்டிக் காம்பால் கட்டங்களுக்குள் நோண்டிக்கொண்டிருந்தாள். மெஷின் பழுதாகிவிட்டது என்றேன். கரண்ட் சரியில்லை என்றேன். காலிபிளவரில் தண்ணீர் என்றேன். சொல்லச் சொல்ல மதினியின் முகம் என் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் படியேறி வந்தாள் கன்னியம்மா. துண்டு போட்டு மூடிய அட்டையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, முப்பதும் கீது, எண்ணிக்கோ. கடக்காரன் கேக்குறான்கா, தலைக்குத் தேய்க்கவா இல்ல தலையோட குளிக்கவான்னு. நான் இன்னா சொல்றது?"

உள்ளே வந்த பிறகுதான் ஈரத் தலைகளைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். துண்டு நழுவிவிட்டது. வெள்ளை வெளேரென்று முப்பது முட்டை.

சீனியம்மாள் மதினி முட்டையைப் பார்த்தாள், குண்டானைப் பார்த்தாள், பிளந்து கிடந்த ரொட்டியைப் பார்த்தாள். கடைசியாக என் தலைமுடியைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் கழுவினாள். முந்தானையில்கூடத் துடைக்கவில்லை. மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கழுவினார்கள். நாலு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

"நான் இன்னாக்கா பண்ணேன்?" என்றாள் கன்னியம்மா. அழுதுவிடுவாள் போலிருந்தது. "நெஜமாவே தலைக்குன்னுதானே நெனச்சேன்."

"நீ ஒண்ணும் பண்ணலே. போ" என்றேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது மணிக்குக் கொட்டகையில் கூடினார்கள். பதினோரு பேர் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். என்னையும் வரச் சொன்னார்கள். இவர் அப்போதுதான் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். கல்லாவிலிருந்து எழுந்து வந்தவர் கையில் பேனா அப்படியே இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பொய்தானே என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்தேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இசக்கிமுத்து அண்ணாச்சி குரலை உயர்த்தவே இல்லை. "நடந்தது நடந்துட்டு. யாரையும் அடிச்சு விரட்ட நான் வரல" என்றார். "முறை ஒண்ணுதான். தெரியாமத் தின்னவனுக்குப் பழி இல்ல. கடல்ல போயி முங்கி, மஞ்சத்தண்ணி குடிச்சு, மாலையைத் திரும்பப் போட்டுக்கிடலாம். தெரிஞ்சு தின்னவன் மாலையைக் கழத்திரணும். எங்க பத்துப் பேருக்கும் தெரியாது. தவசி, நீ சொல்லு. ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

எனக்கு மூச்சு வந்தது. இவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் போதும். கடலில் ஒரு முழுக்கு, காளி வேடம் இவருக்குத்தான். பழி முழுக்க என் தலையில் விழும். விழட்டும், அது என்னுடையதுதான்.

இவர் பெண்கள் பக்கம் ஒரு முறை பார்த்தார். சீனியம்மாள் மதினி முன்னால் நின்றாள். எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. இவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"தெரிஞ்சுதான் அண்ணாச்சி" என்றார். "நாந்தான் போடச் சொன்னேன். வெரல் போயிருமோன்னு பயம். அவ மாட்டேன்னுதான் சொன்னா."

கொட்டகையில் யாரோ "சீ" என்றார்கள். அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். "எங்க பத்துப் பேருக்கும் குடுத்தியேடே, தெரிஞ்சுகிட்டே" என்றார்.

ஒரு வாக்கியம். "அவருக்குத் தெரியாது" என்று இரண்டு சொல். தொண்டை வரைக்கும் வந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், நாக்குக்கே வந்துவிட்டது. அப்போது மதினி என்னைப் பார்த்தாள். காலையில் பார்த்த பார்வை இல்லை அது. பாவம், புருஷன் பேச்சைத் தட்ட முடியாமல் செய்திருக்கிறாள் என்கிற பார்வை. அந்தப் பார்வையின் கீழே நிற்பது எனக்குச் சுகமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இவர் மாலையைக் கழற்றினார். சட்டைக் காலரில் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மற்றவர்கள் மேளத்தோடு கடற்கரைக்குப் போனார்கள். மறுநாள் காலை வேன் கிளம்பியது. வேடப் பெட்டியைக் கோயிலிலேயே சேர்த்துவிடச் சொல்லி இவரே தூக்கிக் கொடுத்தார். பெட்டியை வாங்கினவன் இவர் கையில் படாமல் வாங்கினான். தெருவில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து கடையைத் திறந்தார். அந்த வாரம் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் கடைக்கு வரவில்லை.

மேலே வந்தபோது கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னிய?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத?" என்றார். கோபமே இல்லை. "பதினெட்டு வருசம் கூட இருந்தவ ஏமாத்திட்டான்னா? பத்துப் பேரு முன்னால ஏமாளியா நிக்கதுக்கு, தப்பு செஞ்சவனா நிக்கலாம்னு தோணிச்சு. ஒனக்காகன்னு நெனச்சுக்கிடாத."

"நான் போய் அண்ணாச்சிகிட்ட உண்மையைச் சொல்லிருதேன்."

"அங்கன நிக்கும்போது சொல்லலியே?" என்றார். அதோடு முடிந்தது.

அவர் சொன்னது சரி. அதற்குப் பிறகும் சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. தசரா முடிந்து குழு திரும்பி வந்தது. அண்ணாச்சி ஒரு மாதம் கழித்துப் பழையபடி சரக்கு அனுப்ப ஆரம்பித்தார். சீனியம்மாள் மதினி கோயிலில் பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆம்பளைங்க வீம்பு, நீ என்னட்டி செய்வ" என்பாள். நான் அதையும் வாங்கிக்கொள்வேன். ஆறு வருஷமாகிறது. இன்றுவரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. அவர் கால்விரல் நன்றாக இருக்கிறது, மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. அவரை மறுபடி யாரும் குழுவுக்குக் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை.

என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. பேசாமலும் இருந்ததில்லை. கடைக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசுவார். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம், நான் வைத்த தட்டில் என்ன இருக்கிறது என்று அவர் குனிந்துகூடப் பார்த்ததில்லை. அப்படியே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுவார்.

இப்போது ஒவ்வொரு வேளையும் கேட்கிறார். குத்திக் காட்டுவதற்காக இல்லை, மணி என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்கிறார். நேற்று வெயிலில் வந்தார். மோர் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்.

"இதுல என்ன போட்டிருக்க?"

"மோரும் உப்பும்" என்றேன்.

குடித்தார்.